ஆராயப்பட்டவர்கள் ஆசிரியர்களான வரலாறு: தொல்குடி ஆய்வியல் பட்டப்படிப்பை முன்வைத்து

 

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் ‘தொல்குடி ஆய்வியல்’ என்ற பெயரில் இளங்கலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. வரலாறு, சமூகவியல், இலக்கியம் போல அதுவும் ஒரு துறை. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் விண்ணப்பம் போட்டுச் சேர்ந்து படிக்கிறார்கள். அந்தப் படிப்பு எப்படி வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதைத்தான் பேசப்போகிறோம். கனடாவை மையமாக வைத்துக்கொள்கிறோம்.

தலித் இலக்கிய மேடையில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பது நியாயமானது. நம் பெயரைத் தாங்கிய பாடங்களும் ஆய்வு மையங்களும் இப்போது நம் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றன. அவற்றை யார் கேட்டார்கள், யார் நடத்துகிறார்கள், நடத்துகிறவர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்ற கேள்விகளை நாம் போதுமான அளவு கேட்டதில்லை. அவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே அட்டவணையில் இரண்டு மக்கள்

சமூகவியல் படித்தவர்கள் லூயி ஹென்றி மார்கன் என்ற பெயரைக் கடந்து வந்திருப்பீர்கள். உலக மக்களின் உறவுமுறைச் சொற்களை ஒப்பிட்டு அவர் எழுதிய பெருநூல் 1871இல் வெளிவந்தது. அதில் தமிழும் இருக்கிறது. அப்பாவின் உடன்பிறந்தவர் நமக்குப் பெரியப்பா, சித்தப்பா. அவரும் ஒரு அப்பாதான். அம்மாவின் உடன்பிறந்தவள் பெரியம்மா, சின்னம்மா. அவளும் ஒரு அம்மாதான். தாய்மாமனும் அத்தையும் மட்டும் வேறு வரிசை. வட அமெரிக்காவின் செனகா மக்களிடமும் இதே போன்ற ஒழுங்கு இருப்பதை மார்கன் கண்டார். அதை வைத்து அமெரிக்கத் தொல்குடிகள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்று நிறுவ முயன்றார். உறவுச் சொற்கள் அதை நிறுவும் என்று இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் ‘இரோக்குவாய் முறை’, ‘திராவிட முறை’ என்ற பெயர்கள் பாடநூல்களில் அருகருகே நின்றுவிட்டன. நாமும் அவர்களும் ஒரே அட்டவணையில் வரிசைகளாக வைக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு.

இரோக்குவாய் என்பது பிறர் வைத்த பெயர். அவர்கள் தங்களை ஹோடினோஷோனி என்று அழைத்துக்கொள்கிறார்கள். மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா என்ற ஆறு தேசங்களின் கூட்டமைப்பு அது. அவர்களைப் பற்றி மார்கன் 1851இல் எழுதிய முதல் நூல், ஈலி பார்க்கர் என்ற செனகா இளைஞரின் உதவி இல்லாமல் உருவாகியிருக்காது. மார்கனே அந்த நூலை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். பார்க்கர் சட்டம் பயின்றவர். ஆனால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய அவரை அனுமதிக்கவில்லை. இந்தியர் என்பதால் அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அவர் பொறியாளர் ஆனார். உள்நாட்டுப் போரில் தளபதி கிரான்ட்டின் செயலாளராக இருந்து, 1865இல் தென்மாநிலப் படை சரணடைந்த உடன்படிக்கையின் படியைத் தன் கையால் எழுதினார். தகவல் கொடுப்பவராக அவரை ஏற்ற கல்வியுலகம், அறிஞர் என்ற இடத்தை அவருக்கு வைத்திருக்கவில்லை.

1916க்கு வருவோம். மே 9ஆம் நாள், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகளின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி பற்றிய கட்டுரை. வாசித்தவர் அம்பேத்கர் என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கருத்தரங்கை நடத்தியவர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் என்பதையும் படித்திருப்போம். அந்தக் கோல்டன்வைசர் யார் என்று நாம் அதிகம் தேடியதில்லை. அவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1911 தொடங்கி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கிராண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் ‘ஆறு தேசங்கள்’ ஒதுக்கிடத்துக்குப் போய்க் களஆய்வு செய்தவர். ஹோடினோஷோனி மக்களின் குலங்களையும் சடங்குகளையும் குறிப்பெடுத்தவர்.

அந்த அறையை எண்ணிப் பாருங்கள். ஒரு மக்கள் ஆய்வுக் குறிப்புகளாக மட்டுமே அங்கே இருந்தார்கள். இன்னொரு மக்களின் பிள்ளை எழுந்து நின்று தன் சமூகத்தை அடைத்து வைத்திருக்கும் அமைப்பைத் தானே விளக்கினார். சாதி என்பது கலப்பு மணத்தைத் தடுத்து அடைத்துக்கொண்ட வர்க்கம் என்ற அவருடைய விளக்கத்தை இன்றைக்கும் தாண்ட முடியவில்லை. கிராண்ட் ஆற்றங்கரை மக்கள் அதுபோல எழுந்து நின்று பேசும் இடம் ஒரு பல்கலைக்கழகத்தில் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அறிவோ ஆர்வமோ அவர்களிடம் குறைவாக இருந்ததால் வந்த தாமதம் இல்லை அது. பட்டப்படிப்பையே அவர்களுக்கு எதிரான ஆயுதமாக ஒரு அரசு சட்டம் போட்டு வைத்திருந்தது.

பட்டம் வாங்கினால் பெயர் போகும்

கனடா 1876இல் ‘இந்தியர் சட்டம்’ என்ற ஒன்றை இயற்றியது. யார் இந்தியர், யார் இல்லை என்பதை அந்தச் சட்டம்தான் முடிவு செய்தது. அதன் 86ஆவது பிரிவு நாம் கவனமாகப் படிக்கவேண்டியது. ஒரு இந்தியர் மருத்துவப் பட்டமோ வேறெந்தப் பல்கலைக்கழகப் பட்டமோ பெற்றால், அல்லது வழக்கறிஞரானால், அல்லது கிறித்தவக் குருவானால், அந்த நொடியே அவர் ‘குடிமை’ பெற்றவராவார் என்றது. கேட்பதற்கு நல்ல சலுகை போல இருக்கும். குடிமை பெற்றவர் சட்டத்தின் கண்ணில் இந்தியர் இல்லை. காலப்போக்கில் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் தம் மக்களோடு இருந்த சட்ட உறவு அறுந்துபோகும் என்பதுதான் அந்தச் சலுகையின் உள்ளடக்கம்.

அமெரிக்காவில் ‘நீ இந்தியன், அதனால் வழக்கறிஞராக முடியாது’ என்று பார்க்கரிடம் சொன்னார்கள். கனடாவில் ‘நீ வழக்கறிஞரானால் இனி இந்தியன் இல்லை’ என்றார்கள். எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தால், படித்த இந்தியர் என்று ஒருவர் இருக்கவே கூடாது என்ற ஒரே எண்ணம் தெரியும்.

இந்தக் கட்டாயம் 1880இல் தளர்த்தப்பட்டு, விரும்பினால் குடிமை கோரலாம் என்று மாற்றப்பட்டது. ஆனால் கல்வி என்றால் மக்களை விட்டு வெளியேறுவது என்ற பொருள் ஊன்றிவிட்டது. 1920இல் குடிமையைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை அரசு மீண்டும் எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் கைவிட்டு, பிறகு மறுபடியும் கொண்டுவந்தது. குடிமை வழங்கல் என்ற ஏற்பாடே சட்டத்திலிருந்து முழுவதுமாக நீக்கப்பட்டது 1985இல்தான். வேற்று இனத்தவரை மணந்த பெண்கள் இந்தியர் தகுதியை இழப்பார்கள் என்ற விதியும் அதே ஆண்டில்தான் போனது. அதற்காகப் பெண்கள் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைக் குழு வரை போக வேண்டியிருந்தது.

ஒருவர் யார் என்பதை அரசாணை தீர்மானிப்பது நமக்குப் புதிதில்லை. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் அது திருத்தப்பட்டது. தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னமும் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். இரண்டு சட்டங்களும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. ஒன்று நிலத்தைப் பறிப்பதற்காக மக்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்த்தது. மற்றொன்று உரிமை கோருபவர்களின் எண்ணிக்கையை மதத்தை வைத்து வரையறுத்தது. ஆனால் சான்றிதழ் தருகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் இடையிலான உறவு எப்படிப்பட்டது என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கிராண்ட் ஆற்றங்கரைக்கே திரும்புவோம். 1923இல் கயூகா தலைவர் டெஸ்காஹே, தம் மக்களின் இறையாண்மைக்கு நியாயம் கேட்டு ஜெனீவாவின் உலக நாடுகள் சங்கத்துக்குப் போனார். ஹோடினோஷோனி கடவுச்சீட்டில் போனார். சங்கம் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. 1924இல் கனடா அரசு ஆறு தேசங்களின் மரபுவழிப் பேரவையைக் கலைத்தது. 1927இல் இந்தியர் சட்டத்தில் புதிய பிரிவு சேர்ந்தது. அரசின் அனுமதி இல்லாமல், நிலக் கோரிக்கைக்காகப் பணம் திரட்டுவதோ வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுப்பதோ குற்றம். 1951 வரை அது நீடித்தது. படித்தவன் இந்தியன் இல்லை, இந்தியனுக்காகப் படித்தவன் வாதாடவும் கூடாது என்று இரண்டு பக்கமும் அடைத்தார்கள்.

உறைவிடப் பள்ளி

பட்டம் வரைக்கும் போக முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். மீதிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கல்வி உறைவிடப் பள்ளி. அரசின் பணத்தில் திருச்சபைகள் நடத்திய அந்தப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் அடைக்கப்பட்டார்கள். 1920இல் பள்ளி வருகை கட்டாயமாக்கப்பட்டது. அனுப்ப மறுத்த பெற்றோர் தண்டிக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, பல இடங்களில் எண் கொடுக்கப்பட்டது.

ஆறு தேசங்கள் ஒதுக்கிடத்தை ஒட்டி பிரான்ட்ஃபோர்டில் இருந்த மோஹாக் நிலையம் இவற்றில் மிகப் பழையது. 1831இல் பிள்ளைகளைத் தங்கவைக்கத் தொடங்கி 1970இல்தான் மூடப்பட்டது. ஓட்ஸ் கூழ் ஊற்றியதால் பிள்ளைகள் அதற்குக் ‘கூழ்ப் பொந்து’ என்று பெயர் வைத்தார்கள்.

1966 அக்டோபரில் சானி வென்ஜாக் என்ற பன்னிரண்டு வயது அனிஷினாபே சிறுவன் கெனோரா நகருக்கு அருகிலிருந்த பள்ளியிலிருந்து தப்பித்தான். வீடு ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாது. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். குளிரிலும் பசியிலும் வழியிலேயே இறந்தான். அந்தச் சாவு கனடா முழுவதும் பேசப்பட்டது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

1969

தொல்குடி ஆய்வியல் என்ற துறை பிறந்த ஆண்டாக 1969ஐச் சொல்லலாம். ஒரே ஆண்டில் பல இடங்களில் அது முளைத்தது.

சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பர் தொடங்கி 1969 மார்ச் வரை மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கறுப்பின, மெக்சிகோ, ஆசிய, தொல்குடி மாணவர்கள் ‘மூன்றாம் உலக விடுதலை முன்னணி’ என்று சேர்ந்து நின்றார்கள். பெர்க்லியிலும் அது பரவியது. எங்கள் வரலாற்றை நாங்கள் படிக்க ஒரு துறை வேண்டும், ஆசிரியர் நியமனத்தில் எங்கள் சொல் எடுபட வேண்டும் என்பது கோரிக்கை. காவல்துறையின் தடியடிக்கும் நூற்றுக்கணக்கான கைதுகளுக்கும் பிறகு இனக்குழு ஆய்வுத் துறைகள் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று அல்காட்ராஸ் தீவின் கைவிடப்பட்ட சிறையைத் தொல்குடி மாணவர்கள் கைப்பற்றிப் பத்தொன்பது மாதங்கள் வைத்திருந்தார்கள். முன்னணியில் நின்றவர்களில் சான் பிரான்சிஸ்கோ மாணவரான மோஹாக் இளைஞர் ரிச்சர்ட் ஓக்ஸும், பெர்க்லி மாணவியான லனாடாவும் இருந்தார்கள். தீவில் அவர்கள் கேட்டவற்றில் ஒன்று தொல்குடி ஆய்வு மையம். மினசோட்டா பல்கலைக்கழகம் 1969இல் அமெரிக்க இந்தியர் ஆய்வுத் துறையைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு நவாஹோ மக்கள் தங்கள் சொந்தக் கல்லூரியை நிறுவியிருந்தார்கள்.

கனடாவில் 1969இல் நடந்தது வேறு விதம். பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. இந்தியர் சட்டத்தை நீக்கிவிட்டு எல்லோரையும் ஒரே மாதிரிக் குடிமக்கள் ஆக்குவோம், உடன்படிக்கைகளை முடித்துக்கொள்வோம் என்றது. சமத்துவம் என்ற சொல்லை வைத்து உரிமையைப் பறிக்கும் தந்திரத்தை இட ஒதுக்கீட்டு விவாதங்களில் நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! இருபத்து நான்கு வயது க்ரீ இளைஞர் ஹரால்ட் கார்டினல் ‘நியாயமற்ற சமூகம்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூல் எழுதிப் பதிலடி கொடுத்தார். ‘நியாயமான சமூகம்’ என்பது ட்ரூடோவின் தேர்தல் முழக்கம். எதிர்ப்பு நாடெங்கும் பரவி, அறிக்கை பின்வாங்கப்பட்டது.

அந்த 1969இல்தான் ஒன்டாரியோவின் பீட்டர்பரோ நகரிலுள்ள ட்ரென்ட் பல்கலைக்கழகம் கனடாவின் முதல் தொல்குடித் துறையைத் தொடங்கியது. தொடக்கப் பெயர் ‘இந்திய - எஸ்கிமோ ஆய்வுகள்’. பெயரிலேயே பழைய வாடை அடிக்கிறது. தொடங்கிய கென்னத் கிட் ஒரு வெள்ளையின மானிடவியலாளர். உடன் நின்று கட்டியவர் அங்கேயே படித்த அனிஷினாபே இளைஞர் ஹார்வி மக்கியூ. துறையின் பெயர் இருமுறை மாறியது. இன்று அதன் பெயர் சானி வென்ஜாக் தொல்குடி ஆய்வியல் பள்ளி. பள்ளியிலிருந்து தப்பி ஓடி இறந்த சிறுவனின் பெயரில் ஒரு பள்ளி.

வகுப்பறையில் என்ன நடக்கிறது

இந்தப் பட்டத்தில் சேரும் மாணவர் என்ன படிக்கிறார்? உடன்படிக்கைகளின் வரலாறு, இந்தியர் சட்டம், நீதிமன்றத் தீர்ப்புகள், தன்னாட்சி, தொல்குடி இலக்கியம், பெண்களின் வரலாறு, உடல்நலம், ஏதேனும் ஒரு தொல்குடி மொழி. நிலத்திலும் நீரிலும் பெரியவர்களோடு இருந்து கற்பதும் பல இடங்களில் பாடத்தின் பகுதி.

முக்கியமான மாற்றம் ஆசிரியர் யார் என்பதில் நடந்தது. கிராண்ட் ஆற்றங்கரையைச் சேர்ந்த கயூகா தலைவர் ஜேக்கப் தாமஸ் ட்ரென்ட்டில் பேராசிரியராக இருந்தார். தம் மக்களின் பெருஞ்சட்டத்தை நாள்கணக்கில் வாய்மொழியாகச் சொல்லக்கூடியவர். வாம்பம் மணிப்பட்டைகளைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர். அவருடைய தகுதி அவர் மக்களிடம் கற்ற அறிவு. அதைத் தகுதியாக ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டதுதான் செய்தி. கோல்டன்வைசரின் காலத்தில் அப்படிப்பட்ட ஒருவருக்குத் ‘தகவலாளி’ என்று பெயர். அதே ஆற்றங்கரையிலிருந்து வந்த ஒருவருக்கு இப்போது பேராசிரியர் என்று பெயர்.

இந்த ஒப்புதல் வகுப்பறைக்குள் மட்டும் நிற்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்ஸான், வெட்சுவெட்டென் மக்கள் தங்கள் நிலத்துக்காக வழக்குப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த கதைகளையும் பாடல்களையும் சான்றாக முன்வைத்தார்கள். மூதாட்டி ஒருவர் நீதிமன்றத்தில் பாட முன்வந்தபோது, பாட்டைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் காது தனக்கில்லை என்று நீதிபதி தடுக்கப் பார்த்தார். 1991இல் வழக்கு தள்ளுபடி ஆனது. 1997இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்த அணுகுமுறை தவறு என்றது. வாய்மொழி வரலாற்றுக்கும் எழுத்து ஆவணத்துக்கு இணையான இடம் தர வேண்டும் என்றது. டெல்கமூக் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இதைப் படிப்பார்கள். நம் ஊர்களில் பஞ்சமி நிலம் எது, எந்தக் கல் வரைக்கும் யாருடையது என்று சொல்லத் தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றாக எடுபடுவதில்லை. பல்கலைக்கழகங்களில் அந்தப் பேச்சைப் பதிவு செய்து, ஒப்பிட்டு, அறிவாக நிறுவும் வேலை நடந்தால்தான் நீதிமன்றத்திலும் அதற்கு எடை வரும்.

சாவி யார் கையில்

பாடம் கிடைத்துவிட்டது என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. 1970 கோடையில் ஆல்பர்ட்டாவில் புளூ குவில்ஸ் என்ற உறைவிடப் பள்ளியின் கட்டடத்தில் க்ரீ, டெனே பெற்றோர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்துகொண்டார்கள். நிர்வாகம் எங்கள் கையில் வரும் வரை எழ மாட்டோம் என்றார்கள். வென்றார்கள். அந்தக் கட்டடம் பிறகு அவர்களுடைய பல்கலைக்கழகமாகவே ஆனது. 1972இல் தேசிய இந்தியர் சகோதரத்துவம் என்ற அமைப்பு, இந்தியர் கல்வி இந்தியர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற கொள்கை அறிக்கையை வைத்தது. மறுஆண்டு அரசு அதைக் கொள்கையளவில் ஏற்றது. 1976இல் சஸ்காச்சவான் மாகாணத்தில் தொல்குடிகள் நடத்தும் கல்லூரி ஒன்று ரெஜைனா பல்கலைக்கழகத்தோடு இணைந்து தொடங்கியது. 2003இல் அது கனடா முதற்குடிகள் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது.

பணம் மட்டும் எப்போதும் வேறு கையில் இருந்தது. மேற்படிப்பு உதவித்தொகைக்கு 1989இல் அரசு வரம்பு விதித்தபோது தொல்குடி மாணவர்கள் பேரணி நடத்தினார்கள், உண்ணாநிலை இருந்தார்கள். கல்வி உங்கள் தருமம் இல்லை, நிலத்தைக் கொடுத்து நாங்கள் வாங்கிய உடன்படிக்கை உரிமை என்பது அவர்கள் வாதம். 1996 முதல் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் நிதி கூடாது என்ற கட்டுப்பாடு பல்லாண்டுகள் நீடித்தது. மாணவர் எண்ணிக்கையும் கட்டணமும் அதைவிட வேகமாக ஏறின. 2010இல் நிர்வாகக் குறைபாடுகளைக் காரணம் காட்டி முதற்குடிகள் பல்கலைக்கழகத்தின் நிதியையே இரண்டு அரசுகளும் நிறுத்த முடிவெடுத்தன. மாணவர்கள் போராடிய பிறகே ஒரு பகுதி மீண்டது. 1944இல் தொடங்கிய பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகை இன்றும் கல்லூரி முடியும் வரை கைக்கு வந்து சேராத நிலையை அறிந்த நமக்கு இது விளங்கும்.

உள்ளே இருக்கும் ஆபத்துகள்

இந்தத் துறையைப் புகழ்ந்துவிட்டுப் போவது நம் நோக்கமில்லை. அவர்களே பேசும் சிக்கல்களையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, பல்கலைக்கழகம் நிற்கும் மண். அமெரிக்காவில் 1862இல் வந்த மாரில் சட்டம், நிலத்தை விற்றுக் கல்லூரி கட்ட வழி செய்தது. அது யாருடைய நிலம் என்று 2020இல் இதழாளர்களும் வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 250 தொல்குடிகளிடமிருந்து எடுக்கப்பட்ட ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் 52 பல்கலைக்கழகங்களுக்கு முதலீடாகியிருந்தது. நிலத்தைத் திருப்பித் தராமல் பாடத்தை மட்டும் தருவது எந்த வகை நீதி என்று மாணவர்கள் கேட்கிறார்கள். விழா மேடைகளில் ‘இது இன்னாருடைய மண்’ என்று ஒரு வரி வாசித்துவிட்டு நகர்ந்துவிடும் வழக்கத்தையும் கேள்வி கேட்கிறார்கள்.

இரண்டாவது, ஆள்மாறாட்டம். தொல்குடி என்று சொல்லிக்கொண்டு பதவிக்கு வந்த சிலர் அப்படி இல்லை என்று அண்மை ஆண்டுகளில் தெரிய வந்தது. 2022இல் சஸ்காச்சவான் பல்கலைக்கழகம், வாய்ச்சொல் போதாது, அந்த மக்களே உறுதிப்படுத்த வேண்டும் என்று விதி வகுத்தது. போலிச் சாதிச் சான்றிதழ்களால் பறிபோன இடங்களை நாமும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, பாடம் அலங்காரமாவது. உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 அறைகூவல்களை வைத்தது. தொல்குடி மொழிகளில் பட்டப்படிப்புகள் வேண்டும் என்பது அவற்றில் 16ஆவது. 2016 முதல் லேக்ஹெட், வின்னிபெக் பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டம் படித்தாலும் தொல்குடிப் பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கின. நல்ல செய்திதான். ஆனால் நூற்றுக்கணக்கான வெள்ளை மாணவர்கள் நிரம்பிய அரங்கில், தன் பாட்டி பட்ட துன்பம் மதிப்பெண்ணுக்கான வினாவாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தொல்குடி மாணவியின் நிலை என்ன? அந்தப் பாடம் யாருக்காக நடத்தப்படுகிறது? இந்த விவாதம் அங்கே முடியவில்லை.

நமக்கு இதில் என்ன

நாம் தொல்குடிகளா என்று ஒருவர் கேட்கலாம். தொல்குடிகளின் உரிமைகள் பற்றி 2007இல் ஐக்கிய நாடுகள் அவை பிரகடனம் நிறைவேற்றியபோது கனடா எதிர்த்து வாக்களித்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் இந்தியர் எல்லோருமே தொல்குடிகள்தான் என்று சொல்லி அதன் பொருளைக் கரைத்தது. பழங்குடி மக்களின் இடத்தை நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அயோத்திதாசர் நம் மக்களைப் பூர்வத் தமிழர் என்றார். ஆதிதிராவிடர் என்ற பெயரை 1922இல் சென்னை மாகாண அரசு ஏற்கும்படி செய்தது எம்.சி. ராஜாவின் தலைமுறை. நம் வரலாற்றை நாமே எழுதுவோம், நம் பெயரை நாமே சொல்வோம் என்பதுதான் அந்தப் ‘பூர்வ’த்திலும் ‘ஆதி’யிலும் இருந்த கோரிக்கை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, இதழ்களையும் சங்கங்களையும் வைத்து அவர்கள் செய்தது ஒரு தொல்குடி ஆய்வியல்.

பல்கலைக்கழகத்துக்கு உள்ளே நமக்கு வாய்த்தது என்ன? நம் பெயரிலான மையங்கள் பல திட்ட நிதியில் தொடங்கி, ஒவ்வொரு நீட்டிப்புக்கும் கைகட்டிக் காத்திருக்கின்றன. 2021இல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் எழுத்தையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கியது. பழங்குடிப் பெண்ணைப் பற்றிய மகாஸ்வேதா தேவியின் கதையும் அதோடு போனது. பாடம் சேர்க்கப்பட்டபோது நம்மைக் கேட்கவில்லை. நீக்கியபோதும் கேட்கவில்லை. இரண்டு முடிவும் ஒரே மேசையில் எடுக்கப்பட்டன, அந்த மேசையில் நமக்கு நாற்காலி இல்லை. கனடாவின் வரலாறு நமக்குச் சொல்வது இதைத்தான். பாடத்திட்டத்தில் ஒரு நூல் இருப்பது வெற்றியின் தொடக்கம்கூட இல்லை. பாடத்திட்டக் குழுவில் யார் இருக்கிறார்கள், நிதி எந்தத் தலைப்பில் வருகிறது, ஆய்வு செய்கிறவர் அந்த ஊருக்குத் திரும்பிப் போய்ப் பதில் சொல்கிறாரா என்பவைதான் அளவுகோல்கள்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்குப் போகும் ஊரில் யாரிடம் பேசினீர்களோ அவர்களிடம் உங்கள் ஆய்வேட்டைத் தமிழில் கொண்டுபோய்க் கொடுங்கள். கனடாவில் முதற்குடிகள் தங்களைப் பற்றிய தரவு தங்களுக்கே சொந்தம், அதை யார் எடுக்கலாம் என்பதைத் தாங்களே முடிவு செய்வோம் என்று 1998இலேயே நெறி வகுத்துவிட்டார்கள். ஆய்வு நிறுவனங்கள் அதற்குப் பணிய வேண்டியிருந்தது. நம் சேரிகளுக்கு வந்துபோகும் ஆய்வாளர்கள் எவரும் இப்படி ஒரு நெறிக்குக் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. அப்படி ஒன்றை எழுதும் வேலையை இந்த அரங்கில் இருப்பவர்களே தொடங்கலாம்.

கிராண்ட் ஆற்றங்கரையில் ஓஸ்வேகன் என்ற ஊரில் இன்று ஆறு தேசங்களின் சொந்தக் கல்வி நிறுவனம் இயங்குகிறது. மோஹாக், கயூகா மொழிகளில் இளங்கலைப் பட்டம் தருகிறது. மோஹாக் நிலையத்தின் கட்டடத்தை அவர்கள் இடிக்கவில்லை. நடந்ததற்குச் சாட்சியாக நிற்கட்டும் என்று காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பட்டம் வாங்கினால் நீ எங்கள் ஆள் இல்லை என்று சட்டம் சொன்ன நாட்டில், உன் மொழியைக் கற்றால்தான் இந்தப் பட்டம் என்று சொல்லும் இடம் உருவாகியிருக்கிறது. அந்த மொழிகளைத் தாய்மொழியாகப் பேசும் முதியவர்கள் இப்போது மிகச் சிலரே. அதனால் அங்கே படிக்கிறவர்களுக்கு அவசரம் இருக்கிறது. நமக்கும் இருக்கிறது.

 ஜெய்பீம்.